வாய்க்கால் புறம்போக்கு

எனக்குக் கூட்டம் ஆகாது. கல்யாணத்துக்குப் போனால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, ஆறிப்போன சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு வருகிறவன் நான். சிதம்பரத்தில் தேர் ஓடுகிற நாளில் எங்கள் தெருவில் கால் வைக்க இடமிருக்காது; நான் அன்றைக்கென்று பார்த்து வெளியூருக்குக் கிளம்பிவிடுவேன். என் மனைவி என்னைச் சாமியார் என்றுதான் கூப்பிடுவாள். சாமியாருக்கு வாரம் தவறாமல் மீன் குழம்பு மட்டும் வேண்டும் என்று சேர்த்துச் சொல்வாள்.

புவனகிரி தாலுகா அலுவலகத்தில் சர்வேயர் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை அண்ணன் தம்பி வரப்புச் சண்டைக்கு நடுவில் அளவுச் சங்கிலியோடு நின்று, இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்குகிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை தண்ணீரோரம் வாயை மூடிக்கொண்டு உட்காருவதைப் போல ஒரு சுகம் கிடையாது. முப்பது வருடமாகத் தூண்டில் போடுகிறேன். கிள்ளைக்குப் பக்கத்தில் உப்பனாற்றின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. ஆரம்பத்தில் அங்கே நாலைந்து பேர்தான் நிற்போம். ஒருவருக்கொருவர் பெயர்கூடத் தெரியாது. தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி.

பிறகு யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பாலத்தில் கையளவு நீளமாக ஒரு கொடுவா மீனைப் பிடித்து, அதை யூடியூபில் போட்டுவிட்டான். கையளவு என்று நான் சொல்வது தோளிலிருந்து விரல் நுனி வரை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நெய்வேலி, கடலூர், பாண்டி என்று எல்லா ஊர் வண்டியும் வந்து நின்றது. ஒருவன் தூண்டில் நரம்பு இன்னொருவன் நரம்பில் சிக்கும். அதைப் பிரித்துவிட நாலு பேர் யோசனை சொல்வார்கள். ஸ்பீக்கரில் பாட்டு, பிரியாணிப் பொட்டலம், கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று போட்டோ. தண்ணீர் எல்லாருக்கும் பொதுதான், வராதே என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. இருந்தாலும் வயிறு எரிந்தது.

அந்தக் கூட்டத்தில் எனக்கு முகம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் லால்பேட்டையில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிற பாய். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர், என்னை மாமா என்பார். அவர் சத்தமாகப் பேசினால் பாதி மீன் பிச்சாவரத்துக்கே ஓடிவிடும் என்று நான் சொல்வேன், அவர் அதற்கும் சத்தமாகச் சிரிப்பார். இன்னொருவர் பாலத்தின் அடியில் வாளி வைத்து உயிர் இறால் விற்கிற அம்மா. விடியற்காலையில் வேர்களுக்கு நடுவே கையால் தடவி இறால் பிடித்து, எங்களுக்குத் தூண்டில் இரையாக விற்பார். என்னிடம் மட்டும் பேரம் பேசமாட்டார், நானும் அவரிடம் பேசமாட்டேன்.

அப்போதுதான் என் மனைவி போனாள். காலையில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவள், மறுநாள் மத்தியானம் இல்லை. இருபத்தாறு வருடக் குடித்தனம் ஒன்றரை நாளில் முடிந்தது.

அதன் பிறகு வீடு முழுக்க ஆட்கள். சென்னையிலிருந்து மகள் வந்தாள், அக்கா மூன்று மாதம் தங்கினாள், கொழுந்தியாள் தினமும் ஒரு தூக்குச் சட்டியோடு வருவாள், அலுவலகத்திலிருந்து ஆள் மாற்றி ஆள். எல்லாரும் நல்லவர்கள். எனக்காகத்தான் வந்தார்கள். ஆனால் அவர்கள் முன்னால் எனக்கு அழுகை வரவில்லை. காரியத்தன்று ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "ஆம்பள, நீயே ஒடஞ்சிட்டா எப்பிடி?" என்றார். நான் உடையவே இல்லை, அதுதான் சிக்கல். தொண்டையில் முள் நின்றது போல நெஞ்சில் ஏதோ நின்றுகொண்டிருந்தது, வெளியேயும் வரவில்லை, உள்ளேயும் போகவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் அக்கா கதவைத் தட்டி, "இன்னாடா பண்ற?" என்று கேட்டாள்.

எனக்கு யாரும் இல்லாத ஓர் இடம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் என் தேவை. ஒரு மனிதன் கண்ணில் படாமல் ஒரு மத்தியானம்.

சர்வேயர் புத்தி எங்கே போகும்? கிள்ளைப் பக்கத்துக் கிராம வரைபடத்தை எடுத்து விரித்தேன். பாலத்தில் ஐம்பது பேர் ஈயக் குண்டை வீசிக்கொண்டிருந்தால் மீன் அங்கேயே நின்று வேடிக்கை பார்க்காது, ஒதுங்கும். எங்கே ஒதுங்கும் என்று பார்த்தால், ஆறு வளைந்து வளைந்து போய் இரண்டாவது வளைவில் ஒரு குட்டிக் கால்வாய் சேர்கிறது. அந்த இடத்துக்கு எப்படிப் போவது என்றுதான் கேள்வி. இரண்டு பக்கமும் இறால் பண்ணை. வாசலில் கேட், 'அந்நியர்கள் உள்ளே வரக்கூடாது' என்று பலகை. பார்க்கிறவன் திரும்பிவிடுவான். ஆனால் வரைபடத்தில் அந்த இரண்டு பண்ணைக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. வாய்க்கால் புறம்போக்கு. பழைய பாசன வாய்க்கால், தூர்ந்துபோய்க் கரை மட்டும் மிச்சம். அகலம் ஒரு மாட்டுவண்டி போகும் அளவுதான். அது சர்க்கார் இடம், எவனும் நடக்கலாம், பலகை வைத்தவனுக்கும் அதில் உரிமை கிடையாது. இது ஊரில் என் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டபோது, மனைவி போன பிறகு முதல் தடவையாக எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். கேட்டுக்குப் பக்கத்து வேலி இடுக்கில் நுழைந்து, கருவேல முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு, கரையிலேயே அரைமணி நேரம் நடந்தால் அந்த வளைவு. சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கின்றன. ஒரு கொக்கு மட்டும் இருந்தது, அதுவும் என்னைப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது. தூண்டில் போட்டுப் பத்து நிமிடம் ஆகவில்லை, ராடு வளைந்தது. மூன்று கிலோவுக்குக் குறையாத கொடுவா. கரையேற்றி, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கு அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை.

நிஜமாகவே தெரியவில்லை. முப்பது வருடம் மீன் பிடித்திருக்கிறேன், ஒரு மீனுக்குக்கூடச் செதில் எடுத்ததில்லை. வாசலில் பையை வைப்பதோடு என் வேலை முடிந்துவிடும். பின்பக்கக் குழாயடியில் அவள் உட்கார்ந்து, "இவ்ளோ பெருசு எதுக்கு, யாரு திங்கறது?" என்று திட்டிக்கொண்டே அரிவாள்மணையில் தேய்ப்பாள். அந்தத் தேய்க்கிற சத்தம் எனக்கு ஞாபகம் வந்தது. மீனை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். சின்னப் பிள்ளை போல, மூக்கொழுக, அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தபோது தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தது, நெஞ்சில் நின்றது கொஞ்சம் இறங்கியிருந்தது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வளைவு என்னுடையது. சில வாரம் அழுவேன், சில வாரம் சும்மா உட்கார்ந்திருப்பேன், சில வாரம் மீனும் பிடிப்பேன். திங்கட்கிழமை வேலைக்குப் போக அந்த மூன்று மணி நேரம் எனக்குப் போதும். அது போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

ஆகவே இடத்தைக் காப்பாற்றப் பொய் சொன்னேன். தூண்டில்காரர்களுக்குள் பொய் ஒன்றும் பாவமில்லை. பை நிறைய மீன் இருந்தாலும் "ஒண்ணும் படல" என்பதுதான் மரியாதை. நான் அதற்கும் மேலே போனேன். பாலத்தடியில் அந்த அம்மாவிடம் இறால் வாங்குவேன். பாய் எட்டிப் பார்த்து, "மாமா, நிக்கலையா?" என்பார். "வீராணத்துக்குப் போறேன், ஏரியில நல்லா படுதாம்" என்பேன். சிதம்பரம் பக்கமாக வண்டியைத் திருப்பி ஒரு கிலோமீட்டர் போய், பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு பண்ணைக்கு வருவேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி நடந்தது. எல்லாரையும் ஏய்த்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

போன மழைக்காலம் முடிந்த சமயத்தில் கரையில் ஒரு செருப்புத் தடத்தைப் பார்த்தேன். ஈரச் சேற்றில் புதிதாகப் பதிந்த ஆண் செருப்பு. அடுத்த வாரமும் இருந்தது, கூடவே ஒரு காகித டீக் கப். தடம் பிடிப்பது எங்கள் தொழிலில் பாதி. குனிந்து பார்த்தேன். வந்தவன் வளைவு வரை வரவில்லை, நான் உட்காருகிற இடம் மரத்தின் இடுக்கில் தெரிகிற தூரத்தில் நின்று, திரும்பிப் போயிருக்கிறான். எவனோ நோட்டம் பார்க்கிறான் என்று தீர்மானித்துவிட்டேன். இன்றைக்கு நின்று பார்ப்பான், அடுத்த வாரம் போனோடு வருவான், அதற்கடுத்த வாரம் பாண்டி வண்டி எல்லாம் இங்கே நிற்கும். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

மறு ஞாயிறு பையில் அரிவாளோடு போனேன். கரைக்கு வருகிற வழியை மரக்கிளை போட்டு அடைத்துவிடுவது என்று திட்டம். ஊரில் எத்தனை பேர் மேல், பொது வழியை அடைத்தான் என்று நான் அளந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்! ஆக்கிரமிப்பு என்று அந்தத் தாளில் என் கையால் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கைக்கு எட்டிய மரத்தையெல்லாம் ஆத்திரத்தோடு வெட்டினேன்.

அதில் ஒன்று தில்லை. இங்கேதான் என் வெட்கக்கேடு. வெளியூரிலிருந்து யார் வந்தாலும், எங்கள் ஊருக்கே அந்த மரத்தின் பெயர்தான் என்று நீட்டி முழக்குகிறவன் நான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்றும் கூடச் சொல்வேன். ஆனால் மரத்தை நேரில் பார்த்தால் அடையாளம் தெரியாது. நிலத்தை அளந்து வரைகிற புலப்படத்தில் தென்னை குறிப்போம், பனை குறிப்போம், புளி குறிப்போம். தில்லையைக் குறிக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஓங்கி வெட்டியதும் வெள்ளையாக ஏதோ தெறித்தது. இரண்டு கண்ணிலும் மிளகாய்ப் பொடியைக் கொட்டியது போல எரிந்தது. கசக்கினேன். இன்னும் எரிந்தது. அதற்குப் பிறகு கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

போனை எடுத்தேன், வழவழவென்று ஒரு கண்ணாடி, எதைத் தொடுகிறேன் என்று தெரியவில்லை. நடக்கப் பார்த்தேன், ஒரு கால் கரையிலிருந்து சரிந்து முழங்கால் வரை சேற்றில் போயிற்று. தண்ணீர் ஏறுகிற நேரம் வேறு. இழுக்க இழுக்கக் கால் இன்னும் இறங்கியது. யாருக்கும் தெரியாத இடம் என்று கொண்டாடினேனே, அந்த இடத்தில் நின்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். யார் வரப்போகிறார்கள், எல்லாரும் என்னை வீராணத்தில் தேடுவார்கள் என்று நினைத்தபோது, மகள் முகம்தான் வந்தது. இரண்டு வருடத்துக்குள் இரண்டாவது தடவையா அந்தப் பிள்ளைக்கு என்று அழுகை முட்டியது.

கால் மணி நேரம் இருக்கும். பைக் சத்தம், அதன் பின்னால் ஓடி வருகிற காலடிச் சத்தம். "கண்ணக் கசக்காதீங்க சார், கசக்காதீங்க!" இறால் விற்கிற அம்மாவின் குரல். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பாயி, அந்த பாட்டுலு தண்ணிய எடு. நல்ல தண்ணி, நல்ல தண்ணி!" குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் என் கண்ணில் ஊற்றினார்கள். பாய் என்னைச் சேற்றிலிருந்து இழுத்து, பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் அந்த அம்மா பிடித்துக்கொள்ள, கரையிலேயே வண்டியை ஓட்டி, பண்ணைக் கேட் வழியாக வெளியே வந்து சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன், பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

நாலு நாள் கண்ணில் கட்டு. உடனே கழுவியதால் பிழைத்தது என்று டாக்டர் சொன்னார். மகள் வந்து, திட்டி, அழுது, கஞ்சி ஊட்டிவிட்டுப் போனாள். கட்டோடு படுத்திருந்தபோது எனக்கு ஒரே ஒரு கேள்விதான். நான் அங்கே இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் இரண்டு டப்பா இனிப்போடு பாலத்துக்குப் போனேன். கூட்டம் வழக்கம் போல இரைந்துகொண்டிருந்தது. பாய் பாலத்தடியில் அந்த அம்மாவின் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்டேன்.

"மாமா, நீங்க அங்கதான் போறீங்கன்னு இந்தப் பாலத்துல எல்லாருக்கும் தெரியும்" என்றார் பாய். "வீராணத்துக்குப் போறவரு உப்புத்தண்ணி எறா வாங்கிட்டுப் போவாரா? ஏரித் தண்ணியில உட்டா ரெண்டு நிமிசத்துல செத்துப்பூடும். எங்களயெல்லாம் இன்னான்னுதான் நெனச்சீங்க?"

எனக்குக் காது சுட்டது. "தெரிஞ்சும் ஏன் ஒருத்தரும் அந்தப் பக்கம் வரல?"

"இந்த அக்காதான் போவக்கூடாதுன்னுச்சு. புதுசா வர பசங்க கேட்டா, அது பண்ணைக்காரன் எடம், நாய உட்டு வெச்சிருக்கான்னு நாந்தான் சொல்லுவேன். நாலு மணிக்கு மேல ஆயி நீங்க திரும்பலன்னா அக்கா என்னை முடுக்கும், போயி பாத்துட்டு வான்னு. நீங்க ஒக்காந்திருக்கறது தெரிஞ்சா அப்பிடியே திரும்பிடுவேன். பேச்சுக் குடுத்தா ஒங்களுக்குப் புடிக்காதில்ல. அன்னிக்கு எறா வாங்க வந்தப்ப ஒங்க பையில அருவாளப் பாத்துட்டு அக்கா பயந்துபோயி, என்னையும் இழுத்துக்கினு பின்னாலயே வந்துச்சு."

அந்தத் தடத்துக்காகத்தான் நான் அரிவாள் எடுத்துக்கொண்டு போனேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரோ மேலே கூப்பிட, பாய் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்.

"ஏம்மா, நான் அங்க போறது உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"மொதநாளே பாத்தேன் சார். வேரு மறவுல நான் தண்ணியில இருந்தேன். நீங்க மீன மடியில வெச்சிக்கினு அழுதீங்க. நான் எழுந்து வந்தா ஒங்களுக்குக் கூச்சமாப் பூடும். அதான் கழுத்தளவு தண்ணியில அப்பிடியே நின்னுக்கினேன். ஒரு மணி நேரம் இருக்கும்."

"அந்த நேரத்துல அங்க எறா பிடிக்கவா வந்தே?"

அவர் வாளித் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். "இல்ல சார். எம்மவன் போயி நாலு வருசம் ஆவுது. பைக்குல அடிபட்டுப் பூட்டான். எங்க வூடு ஒரே ரூமு. நான் அழுதா மாமியாளும் சேந்து அழுவும், அப்பறம் அதுக்கு மூச்சு வாங்கும். மத்த நாளு அஞ்சாறு பொம்பளைங்களா சேந்துதான் எறாவுக்கு எறங்குவோம். ஞாயித்துக்கெழம மத்தியானம்தான் தனியா இருப்பேன். அந்த வளைவுல போயி அழுதுட்டு வருவேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "இப்ப எங்க போறே?"

"இப்ப எங்க போறது? ஞாயித்துக்கெழம நீங்க இருக்கீங்களே."

குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்குக் காற்று ஜாஸ்தி என்று சொல்வதுபோலச் சொன்னார். ஒரு வருடத்துக்கு மேலாக இந்தப் பெண்பிள்ளை அழ இடமில்லாமல் பாலத்தடியில் உட்கார்ந்து, அழப் போகிற எனக்கு இறால் எடுத்துக் கொடுத்திருக்கிறார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

"இப்ப போய்ட்டு வா" என்றேன். "எறாவ நான் பாத்துக்கிறேன்."

"நீங்களா? இந்தக் கூட்டத்துலயா?" என்று சிரித்தார்.

"போம்மா."

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, பாலத்தின் மறுபக்கமாக நடந்து போனார். நான் அவர் உட்கார்ந்திருந்த கல்லில் உட்கார்ந்தேன். ஆள் மேல் ஆளாக வந்தார்கள். பெரிய இறாலாகக் கொடுங்கள் என்றான் ஒருவன், சர்வேயர் சார் எப்போது கடை போட்டார் என்றான் இன்னொருவன், ஒருவன் என்னை வீடியோகூட எடுத்தான். எல்லாருக்கும் பதில் சொல்லி, எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. முகம் வீங்கிக் கண் சிவந்திருந்தது. நான் அதைப் பார்க்காததுபோல, குனிந்து வாளிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன்.